கை நனைக்காத மாமன்

கனிஷ்காவுக்குக் காது குத்தலாம் என்று பேச்சு எடுத்த அன்றைக்கே, அவளை மடியில் வைக்கப் போகிற மாமன் என் புருஷன்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கனிஷ்கா என் தம்பி விஜய்பாண்டியின் மகள். நான் அவளுக்கு அத்தை. அத்தை புருஷனும் மாமாதானே? ஆனால் காது குத்துவதற்கு அந்த மாமா போதாது. தாயோடு பிறந்த மாமன்தான் மடியில் வைக்க வேண்டும். என் தம்பி பெண்டாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்தான், ஜார்கண்டில். அவ்வளவு தூரத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்று நான் நினைத்தேன்.

அவள் பெயர் பசந்தி. தேவாரத்தில் எங்கள் தெரு அதை ஒரே வாரத்தில் வசந்தி ஆக்கிவிட்டது. விஜய்பாண்டி விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பெண்களை ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டு வழியாகக் கேரளாவுக்குள் கொண்டுபோய் ஏலத்தோட்டங்களில் இறக்குவான். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் போனதை விட வந்தது ஒரு ஆள் அதிகமாக இருந்தது. தோட்டத்து லயத்தில் தங்கி வேலை செய்ய வடக்கேயிருந்து வந்த பெண், கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு. அம்மா ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. நான் முதல் நாளே பேசினேன். பேசியதெல்லாம் குத்தல். நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் அவளுக்கும் ஏதாவது வேலை வேண்டாமா?

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் நல்லது கெட்டதுக்கு வாய் திறப்பவர் பெரியப்பா நல்லகண்ணுதான். அன்று அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டார்.

"மாமன் மடிக்கு என்ன ஏற்பாடு?"

"அதான் சுருளி இருக்காருல்ல" என்றாள் அம்மா. சுருளிராஜன் என் புருஷன். நான் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து வசந்தி வெளியே வந்தாள். "எங்க அண்ணன் வருவாக."

"எங்கேருந்து?"

"பலாமூவுலருந்து. வண்டி உண்டு." தோட்டத்தில் பழகிய மலையாளம் அவள் தமிழில் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க அண்ணன் அம்புட்டுத் தொலவு வந்தா நான் மீசை வச்சுக்கிறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"வருவாக மதினி. எங்க அண்ணன் மடிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வந்தே விட்டார். பெயர் ராம்பிரவேஷ். அதுவரைக்கும் தன் ஜில்லாவைத் தாண்டாத விவசாயி. ராஞ்சியில் ரயிலேறி ஈரோட்டில் இறங்கி, பஸ் மாறி மாறி, வீட்டை விட்டுக் கிளம்பிய மூன்றாம் நாள் தேனிக்கு வந்து சேர்ந்தார். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறியதும் போனைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாராம். இங்கிருந்து வசந்தி தமிழில் பேசி, எங்கே இறக்கிவிட வேண்டும் என்று சொல்லுவாள். தேனி பஸ் ஸ்டாண்டில் நானும் அவளும் காத்திருந்தோம். நெடுநெடுவென்று ஒல்லியாக ஓர் ஆள், தோளில் துண்டு, ஒரு கையில் தகர டின், தலையில் மூட்டை. என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பு வளையக் கும்பிட்டார். அப்படி ஒரு கும்பிடு எனக்கு என் கல்யாணத்தில்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டில் அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். என்ன கோபம் இருந்தாலும் வாசலுக்கு வந்தவருக்கு வயிறு நிறையப் போட வேண்டும் என்பவள் அவள். ராம்பிரவேஷ் உள்ளே வந்ததும் முதலில் குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று வயதுப் பிள்ளை காலை! எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க ஊர்ல மாமா அப்பிடித்தான் செய்வாக" என்றாள் வசந்தி. சரி, நல்ல மனுஷன் போலிருக்கிறது என்று அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அவர் செம்பை வாங்கி நெற்றியில் வைத்துவிட்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்தார். இலை போட்டோம். கை கூப்பி வேண்டாம் என்றார். காப்பி, மோர், இளநீர் எதுவும் வேண்டாம். வைகாசி வெயிலில் மூன்று நாள் வந்த மனுஷனுக்கு உதடு வெடித்திருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து தெருமுனைக்குப் போனார். அங்கே டேங்க் குழாயடியில், தன் பையிலிருந்து வறுத்த கடலை மாவை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டிச் சாப்பிட்டார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். உறவென்றால் கை நனைக்க வேண்டும். பகையாளி வீட்டில்தான் நனைக்க மாட்டார்கள். சம்பந்தி வீட்டு ஆள் விருந்தை விட்டுவிட்டுக் குழாயடியில் மாவு தின்றால் அந்த வீட்டுக்கு வேறு அவமானம் எதற்கு?

"நம்மள என்ன சாதின்னு நெனச்சுட்டான் அவன்?" என்று பெரியப்பா எகிறினார். "தண்ணியக்கூடத் தொட மாட்டானாமா?"

வசந்தி நடுவீட்டில் வந்து நின்றாள். "சாதி இல்ல பெரிய மாமா. பொண்ணக் குடுத்த வீட்டுல பொறந்த வீட்டு ஆளுக சாப்பிட மாட்டாக. அப்பா, மூத்த அண்ணன், யாருமே. தண்ணிகூடக் குடிக்க மாட்டாக. அது மரியாதை."

"இதுவா மரியாதை?"

"எங்க ஊர்ல அதான் மரியாதை. அங்கன வாங்கிச் சாப்பிட்டா, தங்கச்சிய வித்து வயித்த வளக்குறான்னு ஊரே காறித் துப்பும்."

"உங்க ஊரு வழக்கம் உங்க ஊரோட" என்றாள் அம்மா. நான்கு மணிக்கே எழுந்து அரைத்த மசாலா. "இங்கன, கை நனைக்காதவுக ஒறவு இல்ல."

பெரியப்பா எழுந்து துண்டை உதறினார். "நாளைக்குச் சுருளி மடியிலதான் பிள்ள உக்காரும். கை நனைக்காதவன் தாய்மாமன் இல்ல."

எனக்கு உள்ளுக்குள் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், உண்மையாகவே இனித்தது. என் புருஷனுக்கு மாலை விழும், வேட்டி துண்டு வரும், ஊர் பார்க்கும். ராம்பிரவேஷ் கொண்டுவந்த டின்னைக்கூட அம்மா திறக்கவில்லை. நம் சோற்றைத் தொடாதவன் பலகாரத்தை நாமும் தொட வேண்டாம் என்று வாசல் ஓரமாக வைத்துவிட்டாள். அவர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ராத்திரி இந்த வீட்டில் படுக்கவும் மாட்டார் என்று தெரிந்ததும், பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். விஜய்பாண்டி தன் தலையணையை எடுத்துக்கொண்டு அங்கேயே படுக்கப் போனான். என் தம்பிக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்யத் தெரியாது.

நான் வீட்டுக்குக் கிளம்பும்போது வசந்தி பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று நின்றேன். ஜெயித்தவளுக்கு ஆறுதல் சொல்வது எளிது.

"மனசுல வச்சுக்காத வசந்தி. யாரு மடியா இருந்தா என்ன, பிள்ளைக்குக் காது குத்துனாச் சரி."

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். "குத்தாது மதினி."

"என்னது?"

"எங்க அண்ணன் மடியில உக்காந்தா குத்தும். இல்லைன்னா குத்தாது. நான் பிள்ளைய விட மாட்டேன்." அவள் சத்தம் போடவில்லை. "இந்தத் தெருவுல எனக்கு என்ன பேரு? இந்திக்காரி. மலையிலருந்து ஏத்திட்டு வந்தவ. கேக்க நாதியில்லாதவ. நீங்களும் சொன்னீக, வளைகாப்புல, என் காதுபடவே. எனக்கு ஒரு வீடு உண்டு, அண்ணன் உண்டுன்னு காட்டத்தான் அவுகள வரச் சொன்னேன். சாப்பிடுறதுக்கு வரச் சொல்லல."

சொன்னது உண்மை. வளைகாப்பில் நான்தான் சொன்னேன். பிறந்த வீட்டு வளையல் போட ஆளில்லாமல் அவள் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "நாதியத்ததுக்கு நாமதான் போடணும்" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தேன். அவளுக்கு அப்போது தமிழ் தெரியாது என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் என் புருஷன் புது வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முனீஸு, எனக்கு இது சரியாப் படல."

"ஏன்?"

"ரிசர்வேசன் சீட்டுல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. சீட்டுக்காரன் எதுக்க வந்து நிக்கிறான்."

"பேசாமப் படுங்க" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். கோபம் அவர் மேல் இல்லை.

மறுநாள் காலையில் மலையடிவாரத்துக் கருப்பசாமி கோயிலில் கூடினோம். காற்று ஆரம்பித்துவிட்டிருந்தது. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் மழை பிடித்திருக்கும். இங்கே எங்களுக்குக் காற்றும் மண்ணும்தான். ஒரு பக்கம் அடுப்பில் கிடாக்கறி வெந்தது. வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, காது குத்துகிற ஆசாரி சந்தனமும் ஊசியும் எடுத்து வைத்தார்.

"தாய்மாமன் யாருப்பா? வந்து உக்காருங்க, வெயில் ஏறுது."

"சுருளி, போய் உக்காரு" என்றார் பெரியப்பா.

வசந்தி குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். ராம்பிரவேஷுக்குப் பேச்சு புரியவில்லை, நடப்பது புரிந்தது. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். என் தம்பி ஆசாரியையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏலே விஜய், உன் பொண்டாட்டிகிட்ட பிள்ளைய வாங்குடா."

"தர மாட்டேன்" என்றாள் வசந்தி.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்தது. ஊர் கேட்கட்டும் என்று நியாயம் பேச ஆரம்பித்தார்.

"இந்தா பாரு. நான் ஒண்ணும் புதுசாச் சொல்லல. நம்ம முனீஸ்வரி கல்யாணத்தையே எடுத்துக்க. சுருளி வீட்டுக்காரக மொதல்ல வந்தப்ப, பேச்சு முடியிற வரைக்கும் காப்பித் தண்ணி தொடல. எல்லாம் பிடிச்ச பிறகு நம்ம வீட்டுல உக்காந்து கை நனைச்சாக. அதுக்குப் பிறகுதான் வெத்தல பாக்கு மாத்துனோம். கை நனைச்சாத்தான் சம்பந்தம். ஆமாவா இல்லையா?"

"ஆமா" என்று நான்கைந்து பேர் சொன்னார்கள்.

நானும் ஆமாம் என்று தலையை ஆட்டப் போனேன். பாதியில் தலை நின்றுவிட்டது. அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மா அன்று வடை சுட்டாள். சாப்பிட்டது யார்? மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். சாப்பிட்ட இடம்? பெண் வீடு.

"பெரியப்பா" என்று முன்னால் போனேன். "அன்னைக்கு யாரு யாரு வீட்டுல கை நனைச்சது?"

"அதான் சொல்றேன்ல, சுருளி வீட்டுக்காரக நம்ம வீட்டுல."

"மாப்பிள்ள வீட்டுக்காரக பொண்ணு வீட்டுல நனைக்கணும். அதான வழக்கம்?"

"அதான் வழக்கம்."

"அப்ப வசந்தி வீட்டுல நாம எப்ப நனைச்சோம்?"

பெரியப்பா துண்டால் நெற்றியைத் துடைத்தார்.

"மாப்பிள்ள வீடு நாமதான பெரியப்பா? நாம ஒரு ஆளு அந்த ஊருப் பக்கம் தல வச்சுப் படுத்தோமா? போகல, பேசல, ஒரு போன் போட்டு உங்க பொண்ண எடுத்துக்கிட்டோம்னு சொல்லல. அஞ்சு வருசமா நனைக்காத கை நம்ம கை. பாக்கி நம்ம பக்கம். அவுகளப் போய்க் கேக்குறோம்!"

எனக்கு மூச்சு வாங்கியது. என் புருஷனைத் திரும்பிப் பார்த்தேன். ஜமுக்காளத்தின் நுனியில் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்தார். "நீங்க இங்கிட்டு வாங்க" என்றேன். மனுஷன் குதித்து வந்தார்.

அம்மா அடுப்பு மேட்டில் கரண்டியோடு நின்றாள். அவள் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்தால் தைரியம் போய்விடும். வசந்தியிடம் போனேன். "உங்க அண்ணன் கொண்டாந்த டின்னு எங்க?"

"ஜீப்புல கெடக்கு. திரும்பக் கொண்டுபோகணும்ல."

"எடுத்துட்டு வரச் சொல்லு. நாங்க சாப்பிடணும்னு சொல்லு."

அவள் இந்தியில் சொன்னாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டாம் முறையும் சொன்னாள். அவர் ஜீப்புக்கு ஓடினார். டின்னோடு வந்தவர் என் கையில் கொடுக்கவில்லை. கையிலிருந்த துண்டை மணலில் விரித்து, அடுப்பு மேட்டைப் பார்த்துக் கை கூப்பி ஏதோ சொன்னார்.

"அத்தைய உக்காரச் சொல்லுறாக" என்றாள் வசந்தி. "மொதல்ல மாப்பிள்ளைய பெத்தவுகளுக்குத்தான் வைக்கணுமாம்."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும், வசந்தி அண்ணனோடு பஸ் ஏறியிருப்பாள். ஏறக்கூடியவள்தான். அம்மா கரண்டியை வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தத் துண்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் முழங்காலிட்டு இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். கோதுமை மாவில் வெல்லம் சேர்த்து நெய்யில் சுட்ட பலகாரம், அதிரசத்துக்குக் கல்லு மாதிரி ஓர் அண்ணன் இருந்தால் அப்படி இருப்பான். அம்மா கடித்து, மென்று, முழுங்கினாள்.

"யாரு சுட்டது?"

"எங்க அம்மா" என்றாள் வசந்தி.

"உங்க ஆத்தாளுக்குப் பாகு பக்குவம் தெரியிது" என்றாள் அம்மா. "அங்கன போனாக் கேட்டுக்கிறேன்."

நானும் உட்கார்ந்தேன். என் புருஷனும் தம்பியும் உட்கார்ந்தார்கள். பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் வந்து ஒன்றை எடுத்தார். பல் இல்லாததால் வாயில் போட்டு ஊற வைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, தாய்மாமன்?" என்று ஆசாரி மறுபடி கேட்டார்.

"இந்தா, இவுகதான்" என்றாள் அம்மா.

ராம்பிரவேஷ் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். என் புருஷன் மாலையை எடுத்துவந்து அவர் கழுத்தில் போட்டார். வசந்தி குழந்தையை மடியில் வைத்தாள். முதலில் அவர் மடியிலேயே மொட்டை அடித்தபோது சிரித்துக்கொண்டிருந்த கனிஷ்கா, ஊசி இறங்கியதும் கோயிலே அதிரும்படி கத்தினாள். அவள் கையும் காலும் உதைக்க, அவர் அசையாமல் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு காதும் முடிந்ததும் அவள் அவர் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாமா வலிக்குது" என்றாள். மாமா என்கிற சொல் இரண்டு ஊரிலும் ஒன்றுதானாம்.

பந்தி ஆரம்பித்தது. ராம்பிரவேஷ் மாலையோடு வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. கம்பத்திலிருந்து தாமதமாக வந்த ஒரு சொந்தக்காரர்தான் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் சத்தமாகக் கேட்டார்.

"என்னத்தா கஸ்தூரி, தாய்மாமனுக்கு எல போடாம நமக்குப் போடுறீக? இதென்ன வீட்டு மொற?"

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வசந்தி கையில் கறி வாளியோடு நின்றாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவுக பொண்ணக் குடுத்த வீட்டுக்காரக. எங்களுக்குக் குடுத்தவுக. குடுத்த எடத்துல ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டாக, அம்புட்டு மரியாதைப்பட்ட குடும்பம். நீ சாப்பிடு."

வசந்தி வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் எழுந்துபோய் வாளியை எடுத்து, அவள் விட்ட இலையிலிருந்து பரிமாறினேன்.